மெழுகாத முறம்

கார்த்திகை. மழை விட்ட காலை

பாண்டி பெரிய மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு நேரு வீதிப் பக்கம் வெளியே வந்தேன். நடைபாதை இன்னும் காயவில்லை. நீலத் தார்ப்பாயை விரித்து அதன்மேல் முறங்களை ஒன்றன்மீது ஒன்று சாய்த்து வைத்திருந்தார் ஒரு அம்மா. அறுபது வயதிருக்கும். பக்கத்தில் பூக்கூடைகள் நான்கைந்து, கோழி கவிழ்க்கிற பெரிய கூடை ஒன்று. வேலை முடியாத அடிப்பாகம் ஒன்று நாலாபக்கமும் பட்டைகளை நீட்டிக்கொண்டு கிடந்தது.

எங்கள் வீட்டு முறத்தின் விளிம்புக் கட்டு விட்டுப்போய் மாதங்கள் ஆகின்றன. அம்மா அதை நைலான் கயிற்றால் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறாள். புது முறம் ஒன்றைக் கையில் எடுத்தேன். 150 ரூபாய் என்றார். 120க்குக் கேட்டேன். கேட்கும்போதே எதற்குக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பத்து நிமிஷம் முன்னால் ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு கடையில், சீட்டில் ஒட்டியிருந்த விலையைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் வந்தவன்தான் நான்.

"போவட்டும், குடு தம்பி" என்று வாங்கிக்கொண்டார். பணத்தை முந்தியில் முடிந்தபடியே சொன்னார்: "அப்டியே பொழங்கிடாத. வெந்தயம் போட்டு மெழுவிக்க. இல்லாங்காட்டி நொய்யி அத்தினியும் கீழதான்."

புரிந்தவன்போல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. முறத்தைக் கொடுத்ததும் அவள் பார்க்கவில்லை; தடவினாள். உள்பக்கம், வெளிப்பக்கம், வாய், இரண்டு மூலை. ஓர் இடத்தில் கட்டைவிரலை நிறுத்தி அழுத்திப் பார்த்தாள். "நல்லா இறுக்கித்தான் போட்டிருக்கா. இனிமேதான் மெழுவணும்" என்றாள்.

நான் வாங்கி வந்ததில் பாதி வேலை பாக்கி இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

பிளப்பது

இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்.

பச்சை மூங்கில்தான் சொன்னபடி கேட்கும். காய்ந்துவிட்டால் முரண்டு பிடிக்கும். தண்ணீரில் ஊறப்போட்டு வழிக்குக் கொண்டுவர வேண்டும். கழியின் தலையில் கத்தியை வைத்துக் கட்டையால் ஒரு தட்டு. வாய் பிளந்ததும் தட்டுவதை விட்டுவிடுகிறார். கத்தியை லேசாகத் திருகுகிறார். அதன் பிறகு மூங்கில் தானே திறந்துகொண்டு போகிறது. கணு வரும் இடத்தில் மட்டும் ஒரு வெடிச் சத்தம்.

பாதியாகப் பிளந்ததை மறுபடி பாதி. அதையும் பாதி. மூன்றாகப் பிளப்பதே இல்லை. ஏன் என்று கேட்டேன். "ஓடிப்பூடும்" என்றார். இரண்டு பக்கமும் ஒரே பருமனாக இருந்தால்தான் பிளவு நடுவில் நேராகப் போகும். ஒரு பக்கம் மெலிந்தால் பிளவு அந்தப் பக்கம் சாய்ந்து, பட்டை நடுவழியில் அறுந்துவிடும். சாய ஆரம்பிப்பது அவருடைய கைக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. உடனே தடித்த பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக வளைக்கிறார். பிளவு நடுவுக்குத் திரும்புகிறது. மெலிந்த பக்கத்தை அவர் தொடுவதில்லை.

இதை எழுதும்போது வாழ்க்கைக்கு ஒரு பாடமாக மாற்றிவிடக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம். மூங்கில் மூங்கிலாகவே இருக்கட்டும்.

கடைசியில் விரல் அகலத்துக்குப் பட்டைகள் கிடைத்தன. இனி தோலையும் உள்சதையையும் பிரிக்க வேண்டும். துணி சுற்றிய முழங்காலுக்கும் கத்திக்கும் நடுவே பட்டையை இழுத்தார். பச்சைத் தோல் நாடாபோல் ஒரு பக்கம் வந்தது. வெள்ளைச் சக்கை இன்னொரு பக்கம் விழுந்தது. தோல் முறத்துக்கு. சக்கை அடுப்புக்கு. இடது ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை உறைபோல் மாட்டியிருந்தார். மூங்கில் தோலின் விளிம்பு பிளேடு மாதிரி. டியூப் மாட்டாத விரல்களில் பழைய கீறல்கள் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன.

புறக்காழ்

தொல்காப்பியத்தின் மரபியலில் ஒரு பாகுபாடு வருகிறது. வெளியே வைரம் பாய்ந்தவை புல். உள்ளே வைரம் பாய்ந்தவை மரம். முன்னதைப் புறக்காழ் என்றும் பின்னதை அகக்காழ் என்றும் சொல்கிறது. இந்தக் கணக்கில் மூங்கில் புல். பனை, தென்னை, கமுகுகூடப் புல்தான். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு என்ற பெயர்களையும் அது புல்லின் உறுப்புகளாகவே எண்ணுகிறது. தாவரவியல் இன்று சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: மூங்கில் புல் குடும்பம், பனையும் புல்லைப் போலவே ஒருவித்திலைத் தாவரம்.

பள்ளியில் இதை இலக்கணமாகப் படித்தேன். நடைபாதையில் அந்தக் கத்தி தோலையும் சக்கையையும் பிரித்தபோதுதான் கண்ணால் பார்த்தேன். மூங்கிலின் பலம் முழுக்க அதன் தோலில் இருக்கிறது. தச்சர் மரத்தின் பட்டையை உரித்து எறிந்துவிட்டு உள்ளே போகிறார். முடைபவர் உள்ளே இருப்பதை எறிந்துவிட்டுத் தோலை வைத்துக்கொள்கிறார்.

இந்திய வனச் சட்டம் 1927இல் வந்தது. அதில் 'மரம்' என்ற சொல்லுக்குள் பனை, மூங்கில், பிரம்பு மூன்றையும் சேர்த்து எழுதினார்கள். கூடை முடைய வேண்டிய பொருள்கள் எல்லாமே ஒரு வரியில் மரமாகிவிட்டன. அப்போது பாண்டி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அந்தச் சட்டத்துக்கு இங்கே வேலையில்லை. ஆனால் காடில்லாத இந்த ஊருக்கு மூங்கில் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். மூங்கில் மரமாக இருந்த காலம்வரை சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் பல மாநிலங்களில் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 2017இல் திருத்தம் கொண்டுவந்து அந்த வரியிலிருந்து மூங்கிலை மட்டும் எடுத்தார்கள். 90 ஆண்டுகளுக்குப் பிறகு சட்டம் தொல்காப்பியத்துக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது.

இதை அந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப மூங்கி வெல கொறையுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நெய்வதும் முடைவதும்

தமிழில் துணியை நெய்கிறோம், சடையைப் பின்னுகிறோம், கூடையை முடைகிறோம். மூன்றிலும் ஒன்று மேலே ஒன்று கீழே போவதுதான் வேலை. ஆனாலும் மூன்றுக்கும் மூன்று சொல். பாயை முடைவார்கள், கீற்றையும் முடைவார்கள். விறைப்பான ஒன்றை வளைத்து வழிக்குக் கொண்டுவருவதற்கு இந்தச் சொல்லை ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். நூல் எதிர்ப்பதில்லை. பட்டை எதிர்க்கும்; விட்டால் நிமிர்ந்துகொள்ளும். அந்த நிமிரும் ஆசைதான் கூடையை இறுக்கமாக வைத்திருக்கிறது.

பாண்டி நெசவு ஊர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே சாயம் தோய்த்த நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவரை போனது. பிறகு ஆலைகள் வந்தன. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை அந்தப் போராட்டத்தின் பலன். இன்றும் ஜூலை 30 அன்று அவர்கள் நினைவாக மாலை போடுகிறார்கள். ரோடியர் ஆலையாக இருந்து ஏ.எஃப்.டி. ஆன பஞ்சாலை 2020இல் மூடப்பட்டது. அதன் சங்கு ஊதுவதை வைத்து எங்கள் தாத்தா காலத்தில் ஊரே நேரம் பார்த்ததாகச் சொல்வார்கள்.

கைத்தறிக்கு விசைத்தறி வந்ததுபோல் கூடைக்கு வரவில்லை. பட்டை சீவ இயந்திரம் உண்டு. முடைவது இன்னும் கைதான். விசை வந்த தொழில் ஆலையாகி, சங்கமாகி, போராடி, சட்டம் பெற்று, கடைசியில் கதவடைத்தது. விசை வராத தொழில் வேலை நேரத்துக்கு எந்தச் சட்டமும் இல்லாமல் நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு வேலை எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். சிரித்தார். "வெளிச்சம் கீற வரைக்கும்" என்றார்.

முடை, வட்டி

அகராதியைப் புரட்டினேன். முடைதல் என்றால் பின்னுதல். முடை என்றால் ஓலைக் கூடை. அதே முடைக்கு இன்னொரு பொருள் தட்டுப்பாடு. பணமுடை என்று இன்றும் சொல்கிறோமே, அது. நாற்றத்துக்கும் அதே சொல். மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவையா என்பது அறிஞர்கள் பாடு. ஓசை ஒன்றாக இருப்பது எனக்குப் போதும்.

வட்டி இன்னொன்று. சங்கப் பாடல்களில் வட்டி என்றால் கூடை. பாண்மகள் வட்டி நிறைய மீன் கொண்டுவந்து, அது நிறைய நெல் வாங்கிப் போவாள். இன்றைக்கு வட்டி என்றால் கடன்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

மூங்கில் வாங்கப் பணம் எங்கிருந்து என்று அந்த அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது, தண்டல் என்றார். பேருக்கு 1,000 ரூபாய். கையில் வருவது 900. தினம் 100 ரூபாயாகப் பத்து நாளில் ஆயிரத்தையும் கட்டிவிட வேண்டும். மழை பெய்து கடை விரிக்காத நாளும் கணக்கில் உண்டு. நான் பேரம் பேசிக் குறைத்த 30 ரூபாய், அவருடைய ஒரு நாள் தவணையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மூன்றாகப் பிளந்தால் ஓடிவிடும் என்று அவர் வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது.

பழைய கூடைப் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கடகம், கொட்டான், வட்டி, புட்டில், பெட்டி, தட்டு, முறம், சுளகு. ஒவ்வொன்றும் ஒரு அளவு, ஒரு வடிவம், ஒரு வேலை. பிட்டுக்கு மண் சுமந்த சொக்கநாதர் தலையில் சும்மாடு வைத்துக் கூடையைத் தூக்கினார். அந்தக் கூடையை முடைந்தது யார் என்று கதை சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்த முறை அந்த அம்மாவிடம் ஒரு பூக்கூடை வாங்கினேன். சொன்ன விலையைக் கொடுத்தேன். "இன்னா தம்பி, பேரம் பேசலியா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

அரிக்கமேடு

ஞாயிற்றுக்கிழமை. அரியாங்குப்பம் ஆற்றோரம் அரிக்கமேட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். தோப்பும் மேடும் சில செங்கல் சுவர்களும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டினார். இத்தாலியில் செய்த செந்நிறத் தட்டுகளின் உடைசல்களை வைத்து இங்கே இருந்த பழைய துறைமுகத்தின் காலத்தைச் சொன்னார். மது வந்த ஜாடிகளின் துண்டுகள், இங்கேயே செய்த மணிகள், கல், கண்ணாடி. 2,000 ஆண்டு மண்ணுக்கடியில் இருந்தும் நிறம் போகாத மணிகள்.

மண் சுட்டால் அழியாது. கண்ணாடி அழியாது. மூங்கிலும் ஓலையும் அப்படி இல்லை. படகிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து உள்நாட்டுக்கு இவ்வளவு பண்டமும் ஏதோ ஒன்றில் போயிருக்க வேண்டும். கூடை இல்லாமல் ஒரு துறைமுகத்தைக் கற்பனை செய்ய முடியவில்லை. சுமந்த பொருள் அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது. சுமந்த கூடை மண்ணாகிவிட்டது.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்றும் தோன்றுகிறது. போகும் இடத்துக்குப் பொருளைச் சேர்த்துவிட்டால் கூடையின் வேலை முடிந்தது.

இங்கிருந்து கடல் தாண்டிப் போன சனங்களை நினைத்துக்கொண்டேன். 19ஆம் நூற்றாண்டில் பாண்டியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்ட வேலைக்கு ரீயூனியன் தீவுக்குக் கப்பலேறியவர்கள் பலர். அந்தத் தீவில் தாழை இனத்தைச் சேர்ந்த 'வாக்வா' மடலை முள் நீக்கிக் காயவைத்துப் பைகளும் தொப்பிகளும் முடைகிறார்கள். ஒரு காலத்தில் அங்கே விளைந்த சர்க்கரையை அந்தப் பைகளில்தான் கட்டி அனுப்பினார்கள். இங்கே நமக்குத் தாழை என்றால் பூ. மடலின் ஞாபகமே வருவதில்லை.

வயர் கூடை

அலமாரியின் மேல் அம்மா போட்ட வயர் கூடை ஒன்று இருக்கிறது. பச்சையும் மஞ்சளும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் எல்லாத் திண்ணையிலும் வயர் கூடை வளர்ந்துகொண்டிருந்தது. சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் என்று வகைகள். ஒருத்தி புது முடிச்சைக் கற்றுக்கொண்டு வந்தால் ஒரு வாரத்தில் தெருவே கற்றுக்கொண்டுவிடும். கோடை விடுமுறையில் பெண் பிள்ளைகளுக்கு இதுதான் பொழுது. நானும் ஒரு டிபன் கூடை போட்டேன். கைப்பிடியை மட்டும் அம்மா முடித்துத் தந்தாள்.

பிளாஸ்டிக்கைத் திட்டி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. மூங்கில் கூடை முடைவதைச் சில சமூகங்களின் தலையில் கட்டிவிட்டு, அவர்களைத் தெருவுக்கு வெளியே உட்கார வைத்திருந்த ஊர் இது. வயர் வந்ததும் அதே வேலை எல்லாருடைய திண்ணைக்கும் வந்துவிட்டது. யாரும் கேவலமாக நினைக்கவில்லை. தங்கள் பெண் நன்றாகக் கூடை போடுவாள் என்று பெண் பார்க்க வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்கள். மூங்கிலைத் தொடாத கைகள் வயரைத் தொட்டன.

அதே திண்ணைக்காரர்கள் மூங்கில் முறம் விற்க வந்தவளிடம் வாசலோடு பேரம் பேசி அனுப்பியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரே வேலை, உட்காரும் இடம் மட்டும் வேறு.

அம்மாவின் வயர் கூடைக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஒரு முடிச்சும் விடவில்லை. மெழுகவும் வேண்டாம், புகை காட்டவும் வேண்டாம். யாரையும் எதற்கும் கேட்காமல் அது பாட்டுக்கு இருக்கிறது.

ஈரம்

மார்கழிப் பிறப்பு. காலையில் கடல் காற்றில் சுவரெல்லாம் வேர்த்திருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அந்த மழையில் எங்கள் தெருவிலும் முழங்காலளவு தண்ணீர். முறம் விற்ற அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். பொங்கலுக்கென்று முடைந்து வைத்திருந்த முறமெல்லாம் நனைந்து, மூன்றாம் நாள் கரும்புள்ளி விழுந்துவிட்டது என்றார். பூஞ்சை. தேய்த்துக் கழுவினால் போகும். ஆனால் பார்க்கிறவர்கள் வாங்க மாட்டார்கள். 2011 டிசம்பர் 30இல் வந்த தானே புயல் அதைவிட மோசமா என்று கேட்டேன். "அதுல கூரையே பூட்ச்சி. மொறத்த யாரு பாத்தா?" என்றார்.

மூங்கிலில் மாவுச்சத்து உண்டு. அதைத் தேடித்தான் பூஞ்சையும் துளைக்கும் வண்டும் வருகின்றன. முன்பெல்லாம் முறமும் கூடையும் அடுப்படியில் மாட்டிக் கிடக்கும். விறகடுப்புப் புகை நாள் தவறாமல் ஏறி, மூங்கில் தேன் நிறத்திலிருந்து காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறும். புகை ஏறிய மூங்கிலை வண்டு எளிதில் தொடாது. யாரும் இதற்கென்று மெனக்கெட்டதில்லை. சோறு பொங்கும்போதே முறத்துக்குக் காப்பும் நடந்துகொண்டிருந்தது. கேஸ் அடுப்பு வந்த அன்று அந்தப் புகையும் நின்றது.

முடைபவர் ஒரு பொருளைப் பாதியில் நம் கையில் கொடுத்தார். நாம் மெழுகினோம், புகை காட்டினோம், விளிம்பு விட்டால் அவர் தெருவில் வரும்வரை எடுத்து வைத்திருந்து கட்டச் சொன்னோம். அவர் கை, நம் கை, மறுபடி அவர் கை. மூங்கில் முறம் மறைகிறதே என்று பேசும்போதெல்லாம் அவர் செய்யும் பாதியை மட்டும் பார்க்கிறோம். நாம் செய்த பாதி அதற்கு முன்பே நின்றுபோய்விட்டது. அதற்கு யாரும் இரங்கல் எழுதவில்லை.

பிரம்பு

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்தது. ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்றில் புரை. வெளியே காத்திருந்தபோது உட்கார்ந்தது பழைய பிரம்பு நாற்காலி. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பழைய வீடுகளில் பார்க்கலாமே, மரச் சட்டத்தில் பிரம்பு வலை போட்டது, அந்த மாதிரி.

அந்த வலையின் கண்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நெடுக்கில் இரண்டு இழை, குறுக்கில் இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு. ஆறும் சேர்ந்து நடுவே எட்டு முனையுள்ள ஓர் ஓட்டையை விடுகின்றன. ஓட்டை வழியே காற்று போகிறது. ஆள் கீழே போவதில்லை. பிரம்பும் பனை இனத்தில் ஒரு கொடிதான். மறுபடியும் புல்.

நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் வேலையைப் பார்வையற்றவர்களுக்குப் பயிற்றுவிப்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். அரசு அலுவலகங்களில் அந்த வேலையிலேயே அமர்த்தினார்கள். யோசித்தால் வியப்பில்லை. எந்தத் துளையில் எந்த இழை என்பதை விரல் எண்ணுகிறது. மூங்கில்காரரும் பிளவு ஓடுவதைக் கண்ணால் பார்க்கவில்லை. முறத்தை வாங்கிய அன்று அம்மாவும் பார்க்கவில்லை.

மெழுகுதல்

மார்கழி இருபதுக்குமேல் கொஞ்சம் வெயில் வந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஒரு கைப்பிடி வெந்தயத்தை ராத்திரி தனியாக ஊறவைத்தேன். மறுநாள் இரண்டையும் அரைத்தேன். மிக்ஸி திணறியது. அரைத்த வெந்தயம் வழுவழுவென்று கூழாகி, காகிதத்தை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டது. கொஞ்சம் மஞ்சள்தூள் போடச் சொன்னாள், பூச்சி வராதாம். மண்ணெண்ணெய் மாதிரி மை வாசனையும் வெந்தயக் கசப்பும் கலந்து சமையலறை முழுக்க நின்றது.

மொட்டை மாடியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டேன். முதலில் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பிறகு உள்ளங்கையில் கூழை எடுத்து, பட்டை ஓடும் திசையில் தள்ளித் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் சிம்பு கையில் ஏறும். ஏறியது. பட்டையும் பட்டையும் கடக்கும் இடத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருக்கிறது. ஒரு முறத்தில் அப்படி ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றிலும் கூழ் உட்கார வேண்டும். கனமாகப் பூசினால் காய்ந்ததும் பாளம் பாளமாக உரிந்துவிடும். மெல்லிசாகப் பூசினால் நிற்காது. "கையே சொல்லும்" என்றாள் அம்மா. என் கை ஒன்றும் சொல்லவில்லை. சும்மா தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. மெழுகும்போது முறம் முடைந்த அந்த அம்மாவின் விரல் போன வழியிலேயே என் விரலும் போய்க்கொண்டிருந்தது. எந்த இடத்தில் பட்டை முடிந்து புதுப்பட்டை சேர்த்தார், எந்த இடத்தில் ஒரு இழை இறுகிவிட்டது, மூலையை மடக்க எங்கே கூடுதலாக அழுத்தினார் என்று எல்லாம் உள்ளங்கைக்குத் தெரிந்தது. ஓர் இடத்தில் கணு சரியாகச் சீவப்படாமல் நின்றது. வெளிச்சம் போன நேரத்து வேலையாக இருக்கலாம்.

உள்பக்கம் பூசிக் காய இரண்டு நாள். வெளிப்பக்கம் பூசிக் காய இன்னும் இரண்டு. கடல் காற்றில் எதுவும் சீக்கிரம் காயாது. நான்காம் நாள் தட்டிப் பார்த்தேன். வாங்கும்போது சலசலத்த முறம் இப்போது 'தொம்' என்றது. பூச்சுக்கடியில் ஓரிரண்டு எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. என்றைக்கோ வந்த ஏதோ செய்தி.

போகி

நைலான் கயிறு சுற்றிய பழைய முறத்தை எரிக்கட்டுமா என்று கேட்டேன். அம்மா முறைத்தாள். "குப்பை வார்றதுக்கு ஒரு வருஷம் ஆகும் அது" என்றாள். அரிசி முறம் கிழடானால் குப்பை முறம். குப்பை முறமும் தேய்ந்த பிறகுதான் போகி. தெருவில் பிள்ளைகள் டயரை எரித்தார்கள். கறுப்புப் புகை. இது மூங்கிலைக் காக்கிற புகை இல்லை.

பொங்கலுக்கு முன்தினம் புது முறத்தில் அம்மா பச்சரிசி புடைத்தாள். கண்கட்டு எடுத்தாயிற்று, இருந்தும் முறத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டே புடைத்தாள். முதலில் புடைத்தல்: அரிசி மேலே எழும்பி விழ, தவிடு முன்னால் பறக்கிறது. அப்புறம் கொழித்தல்: முறத்தைப் பக்கவாட்டில் ஆட்ட ஆட்ட, கல் ஒரு மூலைக்கும் அரிசி ஒரு மூலைக்கும் தாமே பிரிகின்றன. மூங்கிலைப் பாதி பாதியாகப் பிளந்ததுபோல் இங்கேயும் ஒரு பிரிப்பு. இதற்கு மட்டும் கத்தி இல்லை.

திடீரென்று நிறுத்தினாள். முறத்தைத் தூக்கி அடியில் பார்த்தாள். தரையில் ஒரு சிட்டிகை நொய் கோலப்பொடிபோல் கிடந்தது. இடது மூலைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியில் கட்டைவிரலை வைத்தாள்.

"அவ சரியாத்தான் போட்டிருக்கா. இங்க நீ விட்டுட்ட."

குனிந்து பார்த்தேன். ஊசிமுனை அளவு வெளிச்சம்.

வெந்தயம் ஊறப்போட்டிருக்கிறேன். நாளை வெயில் வர வேண்டும்.